தைலத்தோப்பில் ஒரு கட்டை

செல்போன் அலறியது!

காலடிப்பேட்டை மரக்கடையில் சுடலைராஜ் எடுத்தார்.

"அண்ணாச்சி... தீனா பேசறேன். எண்ணூர் தோப்புலேர்ந்து..."

வாட்ச்மேன் குரலில் நடுக்கம்.

"சொல்லுடே."

"பைப்பு பொதைக்கத் தோண்டசொல்லோ ஒரு கட்டை மாட்டிகிச்சு! சாக்கு சுத்தி பொதைச்சிகீறானுங்கோ!"



"யாருலே தோண்டச் சொன்னா?"

"கெவர்மென்ட்டு ஆளுங்கதான்! பேஜாராப் பூட்ச்சு அண்ணாச்சி! போலீஸ் வந்து பாத்துட்டு, உன் கடைக்குத்தான் வந்துகினு கீது!"

லைன் கட்.

ராசையா!

அவருடைய பார்ட்னர். பாய்லரில் எரித்துத் தீர்த்த மரங்களை உயிரோடு நிற்பதாகக் காட்டி, அவை காற்றிலிருந்து இழுத்துச் சேமிக்கும் கார்பனுக்கென்று சுடலைராஜ் வெளிநாட்டுக் கம்பெனியிடம் காசு வாங்கியதைக் கண்டுபிடித்தவர். "சொல்லிருவேன்" என்று நின்றவர். ஊரைப் பொறுத்தவரை அவர் துபாய் போய்விட்டார். உண்மையில் போனது தோப்பு மண்ணுக்குள்... சாக்கு சுற்றியது சுடலைராஜின் கைதான்!

எவ்வளவு தோதான இடம்! நாலு வருஷத்துக்கு ஒரு வெட்டு. அடிமரத்தை விட்டுவிட்டால் தானே துளிர்க்கும். மண்ணைக் கிளறினால் கார்பன் போய்விடும், கிளறவே கூடாது என்று ஒப்பந்தம். கொலைகாரனுக்கு இதைவிட நல்ல சட்டம் எவன் எழுதித் தருவான்?

பாழாய்ப்போன பைப்பு!

ஓடலாம். எங்கே? நாளை மகள் மகிமாவுக்கு நிச்சயதார்த்தம். வீட்டில் பந்தல்கூடப் போட்டாயிற்று. 

வாசலில் ஜீப்!

இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கம் உள்ளே வந்தார்.

"கட்டையைப் பாத்தோம். 'கார்பன் சேமிப்புத் தோப்பு'ன்னு போர்டு மாட்டின உங்க தோப்புக்குள்ள எப்படி வந்துச்சு?"

"சார்... நாளைக்கு எம்பொண்ணு நிச்சயம் முடியட்டும் சார்! காலைப் பிடிக்கேன்..."

"ஏன், என்ன பண்ணீங்க?"

"கோவத்துல அடிச்சிட்டேன் சார்! ஒரே அடி... ராசையா எந்திக்கவே இல்ல. நாந்தான் பொதைச்சேன்!"

தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வேதமாணிக்கம் ஏட்டு வெற்றியைப் பார்த்தார். வெற்றி அவரைப் பார்த்தான்.

"எந்த ராசையா?" என்றார் வேதமாணிக்கம்.

"கட்டை... பொணம்... கிடைச்சுதுன்னு..."

"யோவ், செம்மரக் கட்டைய்யா! கடத்திட்டு வந்து எவனோ உங்க தோப்புல ஒளிச்சு வெச்சிருக்கான். புது ஆளுங்க யாராச்சும் நடமாடினாங்களான்னு விசாரிக்க வந்தோம்!"

நாளெல்லாம் கட்டை, கட்டை என்று வியாபாரம் பண்ணுகிறவர். இன்று மட்டும் அது பிணமாகக் காதில் விழுந்துவிட்டது!

"ஐயோ மகிமா..." என்று தலையில் அடித்துக்கொண்டார் சுடலைராஜ்.

வேதமாணிக்கம் தொப்பியைச் சரிசெய்தார்.

"வெற்றி, மண்வெட்டியை எடுத்துக்கோ. அண்ணாச்சி கார்பனை எந்த மரத்தடியில சேமிச்சு வெச்சிருக்கார்னு பாத்துடுவோம்!"