ஆட்சேபணை இல்லை

மேலே வாசலில் நின்று கோர்ட் காவலர் மூன்றாவது முறையும் பெயரைக் கூப்பிட்டு முடித்தபோது, கீழே பழைய வழக்கு ஆவணங்கள் இருக்கும் பெட்டக அறைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கியான்ட்ரா புரட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். இரும்பு அலமாரிகள். தகரப் பெட்டிகள். சுவரோரம் ஒரு மர பெஞ்சு, அதில் யாருமில்லை. காலையில் அவளை உள்ளே விட்ட பிறகு வேறு எவரும் படியிறங்கி வரவில்லை. பழைய கட்டடத்தில் குழாய்கள் செருமும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர விரலை எடுக்கவில்லை.

கூப்பிட்ட பெயர் ஹெசக்கையா மேப்ரி. அவளுடைய அப்பாவுக்குத் தாத்தா. செத்து அறுபது வருஷமாவது இருக்கும்.

செத்தவரை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓடைக்கரை நிலம் இன்னும் அவர் பெயரில்தான் கிடக்கிறது. மனிதர் உயில் எழுதாமல் போய்விட்டார். எழுதியிருந்தாலும் அந்தக் காலத்தில் எந்த வெள்ளைக்காரன் ஆபீசில் ஒரு கறுப்பரின் உயில் பத்திரமாக இருந்திருக்கும்? பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று பங்கு பிரிக்காமலே நிலம் எல்லோருக்கும் சொந்தமானது. அந்த மண்ணை மிதித்தே பார்க்காத ஒருவன் டெட்ராய்ட்டில் இருந்துகொண்டு தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்றான். மொத்தத்தையும் ஏலம் விடச் சொல்லி அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. இறப்புச் சான்று தாக்கல் ஆகாத ஒவ்வொரு வாரிசையும் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுத வேண்டும். இந்தக் கவுன்டியில் அதுதான் வழக்கம். மேப்ரிகளில் பாதிப் பேருக்குப் பிறந்ததற்கே சான்று கிடையாது, இறந்ததற்கு எங்கே போவது.

உயிரோடு இருந்தவர்கள் கம்பெனிக்காரன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் அவள் ஒருத்தி. அவள் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நின்று ஆட்சேபணை சொல்ல வேண்டும். சொல்லி, ஹெசக்கையா காலத்துத் தீர்ப்பின் சான்று நகலை நீதிபதியின் மேசையில் வைக்க வேண்டும். ஓடைக்கரை நிலத்தை அவர் வம்சம் சம்மதிக்காமல் விற்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருப்பதாக இலவச சட்ட உதவி வக்கீல் சொல்லியிருந்தாள். அந்த வரி கையில் இருந்தால் ஏலம் நிற்கும். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் அப்பாவின் கல்லறையையும் சேர்த்து இந்தக் கோர்ட்டின் படிக்கட்டில் வைத்துக் கூவி விற்றுவிடுவார்கள்.

காலையில் எல்ராய் மாமாதான் டிரக்கில் கொண்டுவந்து இறக்கினார். அம்மாவின் தம்பி. நிலத்தில் அவருக்குப் பங்கில்லை, ஆனாலும் விடியற்காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஏய் காலேஜ்காரி, எதுக்கு இந்த மஞ்சக் கலர் ஷூ? கோர்ட்டுக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

"பட்டம் வாங்குறப்ப போட்டது மாமா. நான் பயப்படலைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

"ஷூவப் பாத்து எந்த ஜட்ஜு நடுங்கியிருக்கான்? சரி, போனைக் குடு. உள்ள விடமாட்டானுங்க."

பின்னால் கிடந்த பிஸ்கட் குதித்து வந்து அந்த ஷூவை ஒரு முறை நக்கிவிட்டுப் போனது. மாமாவின் கிழட்டு வேட்டை நாய். குட்டியாக இருந்தபோது அவள் மடியில்தான் தூங்கும்.

மாடியில் கிளார்க் மிஸ் லோரீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல தேடினியா கண்ணு?"

"அதுல என் வயசுக்கு மூத்தது ஒண்ணுமே இல்ல, மிஸ் லோரீன்."

"அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போ. ரெண்டு வாரத்துல எடுத்து வெக்கிறோம்."

"கேஸ் இன்னிக்கு. இது பொது ஆவணம். யார் வேணா கேட்டுப் பாக்கலாம்னு சட்டமே இருக்கு."

மிஸ் லோரீன் சாவிக்கொத்தை எடுத்தாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "உங்க குடும்பத்துல யார் வந்தாலும் இதேதான் சொல்வாங்க. சட்டம் இருக்கு, சட்டம் இருக்குன்னு. போய்ப் பாரு. ஜட்ஜு உக்காந்ததும் நான் மேல இருக்கணும், கீழ பூட்டிருவேன். குரல் குடுப்பேன், வந்துரு."

அப்படித்தான் இறங்கினாள். முதல் ஒரு மணி நேரம் வீணாகப் போனது. வாதிகளின் அட்டவணையில் மேப்ரி என்று தேடித் தேடி அலுத்த பிறகுதான் உறைத்தது. மேப்ரிகள் என்றைக்கு யார் மேல் வழக்குப் போட்டார்கள்? எப்போதும் இவர்கள் மேல்தான் போடுவார்கள். பிரதிவாதிகளின் அட்டவணையை இழுத்துப் போட்டதும் முழங்கை நீளத்துக்கு வரிசையாக வந்தார்கள்.

நனைந்து காய்ந்த காகிதத்தின் வாடை, எலிப் புழுக்கை, துரு. அதற்கெல்லாம் அடியில், பைன் காட்டில் நாள் முழுக்க மரம் வெட்டிவிட்டு வந்த மனிதர் கழற்றிப் போட்ட சட்டையின் உப்பு வாடை, பழையதாக இல்லாமல், இப்போதுதான் யாரோ வியர்த்ததுபோல, அவள் எந்த அலமாரிக்குப் போனாலும் அவளுக்கு ஓரடி முன்னால் போய் நின்றுகொண்டது. உச்சியில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். வெளியே தரை மட்டத்தில் இருப்பதால் அதில் புல்லும் போகிறவர்களின் கால்களும் மட்டும் தெரிந்தன.

வாசலில் அடுத்த பெயர் எழுந்தது. "ஐடெல்லா மேப்ரி." இழுத்து, தேவாலய மணிபோல. "ஐடெல்லா மேப்ரி." அவர் ஹெசக்கையாவின் மகள். தன் அப்பாவின் காகிதங்களைக் கேட்டு ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தவர், திரும்பிப் போனதும் தன் வீட்டு மனையைக் கேட்டவனுக்கு எழுதிக் கொடுத்தார். சர்ச்சில் பாடுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டார் என்பார்கள்.

"ஐடெல்லா மேப்ரி."

"இருக்கேங்கய்யா."

மெல்லிய குரல். பணிவான குரல். மேலேயிருந்து வரவில்லை. இரண்டாவது அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

கியான்ட்ரா போய்ப் பார்த்தாள். கோபம் அவளைப் போக வைத்தது. அங்கே சுவர்தான் இருந்தது. மேலே காவலர், "ஆஜராகவில்லை" என்று கத்தினார்.

சீக்கிரம் எடு. எடுத்துக்கொண்டு ஓடு. அவள் பெட்டி எண்ணைத் தேடி மண்டியிட்டாள். கடைசி வரிசை, கீழ்த் தட்டு. மூன்றாக மடித்து நாடா கட்டிய கட்டு, உள்ளே தீர்ப்பு. வக்கீல் சொன்ன வரி அப்படியே இருந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. அதற்குக் கீழே, ஓடைக்கு அப்பால் இருந்த பெரிய நிலத்தை விற்பதற்குப் பிரதிவாதி ஹெசக்கையா மேப்ரி நேரில் வந்து ஆட்சேபணை இல்லை என்று சொன்னதாக எழுதியிருந்தது.

குடும்பத்தில் இதைச் சத்தமாகப் பேசமாட்டார்கள். சண்டை போடப் போன மனிதர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வந்தவர் மனைவி பெயரைச் சொல்லத் தெரியாமல் நின்றார். சோளக் கஞ்சியில் உப்பில்லை என்பதுகூடத் தெரியாமல் குடித்தார். அவருடைய நாய் அவரைக் கண்டு ஊளையிட்டு ஓடி, இந்தக் கோர்ட் சுவரோரம் வந்து படுத்து, சோறு தின்னாமல் செத்தது. கோழை என்றார்கள் அவரை. கியான்ட்ராவும் சொல்லியிருக்கிறாள்.

படியில் சாவிக்கொத்து குலுங்கியது. "ஜட்ஜு வந்தாச்சு. உள்ள இருக்கியா கண்ணு?"

கியான்ட்ரா வாயைத் திறந்தாள்.

"வந்துட்டேன் மிஸ் லோரீன். உங்களுக்கு முன்னாடியே மேல ஏறிட்டேன்."

அவள் குரல். அவளுடைய அந்த வெடுக்கென்ற தொனி. வந்தது படியிலிருந்து, அவள் வாயிலிருந்து அல்ல.

"கிடைச்சுதா?"

"இல்ல. விடுங்க, போகட்டும்."

அவள் ஓடுவதற்குள் இரும்புக் கதவு வந்து உட்கார்ந்தது. தாழ் விழுந்தது. விளக்கின் சுவிட்ச் வெளியே இருந்தது, அதுவும் அணைந்தது. உள்பக்கம் கைப்பிடி இல்லை. கை வைத்துத் தடவினாள், நெடுக வெறும் இரும்பு. கத்தினாள். உள்ளங்கை எரியும் வரை அறைந்தாள். அந்தச் சத்தம் தகரப் பெட்டிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜன்னலிலிருந்து சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். கூரையில் பழைய வெப்பக்குழாய், அதன் வழியாக மேலே கோர்ட் ஹாலில் நாற்காலிகள் இழுபடுவதும், ஒருவர் இருமுவதும், காகிதம் புரளுவதும் பக்கத்தில் நடப்பதுபோலக் கேட்டன. அங்கிருந்து இங்கே எல்லாம் வந்தது. இங்கிருந்து அங்கே ஒன்றும் போகவில்லை.

"லமார் மேப்ரி," என்று காவலர் கூப்பிட்டார்.

அப்பா.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்பா கடைசிவரை இந்தக் கட்டடத்துப் படியேறியதில்லை. வேண்டாம் என்று கெஞ்சினாள், இந்த இருட்டில் அந்தக் குரல் வேண்டாம். வரட்டும் என்றும் கெஞ்சினாள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. அறைக்குள் சத்தமில்லை. அவர் மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடந்தார்.

அப்படியானால், இந்த அறைக்கு வந்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்கிறார்கள்.

பெஞ்சு கிரீச்சிட்டது. எடை மாறும் சத்தம்.

"கியான்ட்ரா மேப்ரி."

"இருக்கேன்! இங்க இருக்கேன்! கீழ இருக்கேன்!"

"கியான்ட்ரா மேப்ரி."

தீர்ப்புக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குழாயைப் பார்த்துக் கதறினாள். தொண்டை கிழிந்து உப்பு கரித்தது. அவளோடு சேர்ந்து மற்றவர்களும் சொன்னார்கள். முணுமுணுப்பாக, வரிசையாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. இருக்கேங்கய்யா. இருக்கேங்கய்யா.

"கியான்ட்ரா மேப்ரி."

"இருக்கேன், யுவர் ஆனர்."

மேலே. தெளிவாக. மஞ்சள் ஷூவின் குதிகால் மரத்தரையில் டக் டக்கென்று நடந்து போனது.

"விற்பனைக்கு ஆட்சேபணை இருக்கிறதா, மிஸ் மேப்ரி?"

சொல்லாதே. சொல்லாதே.

"ஆட்சேபணை இல்லை."

சுத்தியல் விழுந்தது. ஹாலில் எல்ராய் மாமாவின் குரல் மட்டும் ஒரு தரம் எழுந்தது. "என்னடி சொல்ற?" அப்புறம் அடங்கிவிட்டது.

கீழே முணுமுணுப்பும் நின்றிருந்தது.

அவள் அலமாரியில் ஏறினாள். தட்டு தட்டாக, தகரம் கையைக் கிழிக்க. ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். புல். வெயில். மாமாவின் இஸ்திரி போட்ட கால்சட்டை, தூசி படிந்த பூட்ஸ். அவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஷூ.

குனிந்து தன் காலைப் பார்த்தாள். மஞ்சள் ஷூ.

கண்ணாடியில் அறைந்தாள். மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. மாமாவின் பூட்ஸ் திரும்பவில்லை. நான்கு பாதங்கள் மட்டும் வந்தன. பிஸ்கட் மஞ்சள் ஷூவைக் கண்டதும் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. பிறகு திரும்பி, மூக்கைத் தரையோடு தேய்த்தபடி நேராக ஜன்னலுக்கு ஓடி வந்து, அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியை நக்கியது. கம்பிக்குக் கீழே மண்ணைத் தோண்டியது. ஊளையிட்டது.

"பிஸ்கட்," என்றாள். குரல் வரவில்லை.

"என்ன இருக்கு அங்க? இப்படித் தோண்டுது," என்று மாமா கேட்டார். குரல் அழுதிருந்தது.

"எலியா இருக்கும் மாமா. தூக்கிட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்."

மாமாவின் கைகள் நாயை வாரித் தூக்கின. மஞ்சள் ஷூ ஒரு கணம் தயங்கி, ஜன்னலின் பக்கம் திரும்பி, நுனிக்காலில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தது. டிரக் கதவு சாத்தும் சத்தம். எஞ்சின். பிறகு வெறும் புல்.

வெளிச்சம் சுவரில் இறங்கி பெஞ்சைத் தொட்டது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உப்புப் பூத்த சட்டை. பக்கத்தில் சர்ச் உடையில் ஒரு பெண். அவர்களுக்கு அப்பால், இருட்டு போகிற வரைக்கும், முழங்கால்கள்.

அவர் நிமிர்ந்து அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். தன் மடியில் கிடந்த அதே போன்ற கட்டைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.