ஆறாவது மஞ்சள் பெட்டி

திங்கள், காலை 10.00.

மஞ்சள் பெட்டியின் இரண்டு பூட்டுகளும் திறந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

பேருந்து நிலையத்தின் மூன்றாம் நடைமேடையில், பெண்கள் காத்திருப்பு அறைக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்திய தகரப் பெட்டி அது. ‘எந்த இடத்தில் பயமாக இருக்கிறது? எழுதிப் போடுங்கள். பெண்கள் மட்டுமே படிப்போம்’ என்று அதன் மேல் எழுதியிருந்தது. நகரத்தில் பெண்கள் பயமில்லாமல் நடமாட வேண்டும் என்று தொடங்கிய திட்டத்தில் இப்படி ஆறு பெட்டிகள். மற்ற ஐந்தும் வாராவாரம் நிரம்பி வழிந்தன. இது மட்டும் ஐந்து வாரமாகத் தொடர்ந்து காலி.

“பாத்தீங்களா மேடம்? எங்க நிலையத்துல குறையே இல்ல” என்றார் நிலைய அதிகாரி. தன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டபோது அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

அந்த மேடம்தான் திட்ட மேலாளர். நாற்பத்தாறு வயது. ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அதன் பின்பக்கத்தையும் படிப்பவர். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், ஆனாலும் அவருக்குத் தெரியும்.

இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், மற்றது நிலைய அதிகாரியிடம். மூடியின் குறுக்கே இருவரும் கையெழுத்திட்ட காகித முத்திரை, அது கிழியவில்லை. திறக்கும் முன் ஒரு படம், மூடிய பின் ஒரு படம் எடுத்தாக வேண்டும். அதுவும் பூதக்கண்ணாடி போட்ட விதிதான்.

படம் எடுப்பவர் களப் பொறுப்பாளர். ஆறு வருடமாக அவருடன் வேலை செய்கிற இளைஞர். எல்லோரும் மேடம் என்றால் அவர் மட்டும் அக்கா என்பார். பெட்டியை மூடி முத்திரை ஒட்டியதும், வழக்கம்போல முன்னால் போய் நின்று, கடிதம் போடும் வாய்த்துளையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் படம் எடுத்தார்.

“படம் பளிச்சுன்னு வரணும்லக்கா” என்று சிரித்தார். ஒரு மணி நேரத்துக்கு முன் சந்தைப் பெட்டியில் கிடைத்த கடிதங்களும் குப்பையும் அவர் தோள்பையில் இருந்தன.

காலை 11.40.

அலுவலகக் கதவைத் தட்டாமலே ஒரு பெண் உள்ளே வந்தார். நடத்துநர் சீருடை; கக்கத்தில் பணப்பை. விடியற்காலை ஐந்து மணி வண்டிக்குப் போகிறவர். அந்த வண்டியில் பெண் நடத்துநரா என்று முகம் சுளித்தவர்களோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி வாங்கிய வேலை அது.

“பெட்டியில எழுதிப் போட்டேனே மேடம், படிச்சீங்களா?”

“எப்போ போட்டீங்க?”

“போன புதன்கிழமை. பின்பக்க வழியில பன்னிரண்டு கம்பம் நிக்குது, ஒண்ணுலயும் வெளிச்சம் இல்ல, பணிமனைக்குப் போறதுக்குள்ள உசுரு போய் உசுரு வருதுன்னு எழுதினேன். பேரு, நம்பர் எல்லாம் போட்டேன்.”

“எங்களுக்கு வரலையே.”

“உங்களுக்கு வரலன்னா எவனுக்குப் போச்சு?” நடத்துநர் பணப்பையை மேசைமேல் வைத்தார். “வெள்ளிக்கிழமை ஒருத்தன் போன் பண்ணினான். ‘பன்னிரண்டு கம்பத்தையும் எண்ணிப் பாத்தியாமே? எண்றத நிறுத்திட்டு டிக்கெட்டக் கிழி. நீ தனியா வர்ற வழி எனக்குத் தெரியும்’னான். அப்புறம் தூக்கமே இல்ல. பகல் வண்டிக்கு மாத்தல் கேக்கப்போறேன். வியாழக்கிழமை மனு குடுக்கணும்.”

பூதக்கண்ணாடி நடத்துநருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பெண்கள் மட்டுமே படிப்போம் என்று எழுதிவைத்தது அவர். அதை நம்பி எண்ணைக் கொடுத்தது இவர். கடிதம் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது, யாரோ படித்திருக்கிறார்கள், பூட்டும் முத்திரையும் மட்டும் கன்னி கழியாமல் இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மாநகரக் குழு கூடுகிறது. ஆறு இடங்களில் நான்குக்குத்தான் அடுத்த கட்ட வேலை. புகாரே வராத இடம் முதலில் பட்டியலிலிருந்து போகும்.

பகல் 2.15.

நடைமேடைக் காவலாளியின் முக்காலி பெட்டியிலிருந்து பத்தடி தூரத்தில்.

“யாராவது பூட்டுல கை வச்சாங்களா?”

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன் மேடம். காக்கா குருவி அண்டல.”

“ராத்திரி?”

“அந்த அறைப் பக்கம் இரும்புக் கதவு. பூட்டிருவோம்.”

“பெட்டி கிட்ட யாருமே வர்றதில்லையா?”

“பொம்பளைங்க வந்து போடுவாங்க, போவாங்க. அப்புறம் உங்க ஆளுங்கதான். நீங்க திறக்குற நாளு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும், திங்கக்கிழமை. ஒரே ஒரு தடவை சொல்லாமக் கொள்ளாம சனிக்கிழமை வந்து நின்னீங்க. எனக்கே ஆச்சரியம்.”

உண்மைதான். மூன்று வாரம் முன்பு திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று தெரிந்ததும் சனிக்கிழமை காலை எட்டரைக்குத் திட்டத்தை மாற்றினார். பத்து மணிக்குத் திறந்தார்கள். அன்றும் காலி.

நிலைய அதிகாரி விசாரணையை விரும்பவில்லை.

“என்னயா சந்தேகப்படுறீங்க? ஒரு சாவிய வச்சு நான் என்ன பண்ண முடியும்?”

“அந்தச் சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?”

“மச்சினன் கல்யாணம். ஊர்லயே இல்ல. டிக்கெட் கவுன்டர்ல இருக்குற அம்மாதான் சாவியக் கொண்டுவந்தாங்க. அவங்களுக்கும் நீங்க வந்து கூப்பிட்டப்புறம்தான் விஷயமே தெரியும்.”

செவ்வாய், காலை 4.50.

நடத்துநரோடு பூதக்கண்ணாடியும் பின்பக்க வழியில் நடந்தார். ஒரு பக்கம் மதில், மறு பக்கம் நிறுத்திவைத்த பேருந்துகள். பன்னிரண்டு கம்பங்கள், திட்டத்தில் போட்ட பன்னிரண்டு புது விளக்குகள், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முதல் கம்பத்தின் அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். மின்கம்பி சுருட்டி வைத்தபடியே கிடந்தது. இந்த வழியை அவர் மூன்று முறை மேற்பார்வை செய்திருக்கிறார், மூன்று முறையும் பட்டப்பகலில். பகலில் எரியாத விளக்கைப் பார்த்து யார் குறை சொல்வார்கள்? தன்மீதே அவருக்கு எரிச்சல் வந்தது.

காலை 9.30.

அலுவலகத்தில் அவர் செய்த காரியத்தைப் பார்த்து, கடிதங்களைப் பதிவு செய்யும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூதக்கண்ணாடி குப்பைக் கூடையை மேசைமேல் கவிழ்த்திருந்தார். நேற்று ஐந்து பெட்டிகளிலிருந்து பொறுக்கி எறிந்த குப்பை: மிட்டாய்த் தாள்கள், பயணச்சீட்டுகள், பேனா மூடி, உடைந்த வளையல், யாரோ யாருக்கோ எழுதிப் பாதியில் கசக்கிய காதல் கடிதம்.

“ஒவ்வொரு வாரமும் இப்படித்தானா?”

“ஆமா மேடம். துளைன்னு ஒண்ணு இருந்தா சனங்க எதையாவது போடாம இருப்பாங்களா?”

“நிலையத்துப் பெட்டியில?”

அவள் யோசித்தாள். “அதுல குப்பையே வராது மேடம். சுத்தமா இருக்கும்.”

பூதக்கண்ணாடி எழுந்து, நிலையத்து விளக்குகளின் பணிமுடிப்புச் சான்றிதழ் கோப்பை எடுத்தார். ஒரே ஒரு பக்கத்தைப் படித்தார். பிறகு காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

பிற்பகல் 3.00.

களப் பொறுப்பாளர் நிலையத்துக்கு வந்தபோது பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் பூதக்கண்ணாடி. பக்கத்தில் நிலைய அதிகாரி, காவலாளி, இவர்களோடு ஒரு பெண் காவல் உதவி ஆய்வாளர்.

“என்னக்கா, திடீர்னு?” என்றபடி கைபேசியை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தார். “இருங்க, திறக்குறதுக்கு முன்னாடி ஒரு படம்…”

“இன்னைக்குப் படம் வேண்டாம்.”

அவர் கால் நின்றது.

“அஞ்சு வாரமா ஏன் கடிதம் வரலன்னே எல்லாரும் யோசிச்சோம்” என்றார் பூதக்கண்ணாடி. “ஏன் குப்பை வரலன்னு யாரும் கேக்கல. தினம் ஆயிரக்கணக்கான பேரு வந்து போற இடம். ஒரு பயணச்சீட்டு, ஒரு மிட்டாய்த் தாள்கூடவா விழாது? கடிதம் திருடுறவனுக்குக் குப்பை எதுக்கு? அப்படின்னா பொறுக்கி எடுக்கல. விழுந்தது எல்லாமே ஒரே அள்ளா வெளிய வந்திருக்கு. அதுவும் பூட்டு வழியா இல்ல, போட்ட வாய் வழியாவே.”

இரண்டு சாவிகளும் திரும்பின. மூடி திறந்தது.

வாய்த்துளைக்கு நேர் கீழே, உள்விளிம்பில் பசைநாடாவால் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே மடித்த கடிதங்கள், பயணச்சீட்டுகள், ஒரு மிட்டாய்த் தாள்.

“அடப்பாவி!” என்றார் காவலாளி, யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

“நாங்க திறக்குறப்போ இந்தப் பை உள்ள இருந்தா மாட்டிக்கும். அதனால திறக்குறதுக்கு முன்னாடி உருவணும், மூடினப்புறம் மறுபடி ஒட்டணும். அந்த ரெண்டு நேரத்துலயும் பெட்டிய மறைச்சுக்கிட்டு நிக்க யாருக்கு உரிமை? படம் எடுக்குறவருக்கு. வாய்த்துளையக் கைக்குட்டையால துடைச்சா யாரு கேப்பா? அந்த உரிமையக் குடுத்ததே என் விதிதான்.”

“அக்கா, போஸ்டர் ஒட்ட வர்றவங்க, கூட்டுறவங்க, யார் வேணா செஞ்சிருக்கலாம்.”

“செஞ்சிருக்கலாம், அந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லன்னா. எட்டரை மணிக்கு முடிவு, பத்து மணிக்குத் திறப்பு. தெரியாதவன் வச்ச பை அன்னைக்கு என் கையில வந்திருக்கும். நிலைய அதிகாரி ஊர்ல இல்ல. கவுன்டர் அம்மாவுக்கு நான் வந்து சொல்ற வரைக்கும் தெரியாது. நம்ம பதிவுப் பொண்ணு அன்னைக்கு லீவு. எட்டரைக்கு நான் போன் பண்ணினது ஒரே ஒருத்தருக்கு.”

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது நிலைய அதிகாரிக்கும் புரிந்துவிட்டது.

“பன்னிரண்டு விளக்கும் எரியுது, நேர்ல பாத்தேன்னு சான்றிதழ்ல இருக்குறது உங்க கையெழுத்து” என்றார் பூதக்கண்ணாடி. “இங்க போடுற கடிதத்துல பாதி இருட்டப் பத்தித்தான் இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.”

களப் பொறுப்பாளர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “ஒரு வாரத்துல இணைப்புக் குடுத்துருவேன்னு ஒப்பந்தக்காரர் சொன்னார்க்கா. நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அவரு குடுக்கல. அதுக்குள்ள பெட்டி வந்துருச்சு. முதல் வாரம் மட்டும்னுதான் ஆரம்பிச்சேன்…”

“பழைய கடிதங்கள்?”

“எரிச்சுட்டேன்.”

“நடத்துநருக்குப் போன் பண்ணினது?”

“நான்தான். நடுவுல வியாழக்கிழமை துடைக்குற சாக்குல பைய உருவி அவங்க கடிதத்தப் படிச்சேன். பயமுறுத்தினா எழுத மாட்டாங்கன்னு. அவங்களுக்கு மட்டும்தான்க்கா, சத்தியமா. வேற யாருக்கும் இல்ல.”

ஆறு வருடம் அக்கா என்று அழைத்த குரல். பூதக்கண்ணாடிக்கு அழவேண்டும் போலிருந்தது. பதவியையும் இடத்தையும் நினைத்து அடக்கிக்கொண்டார். உதவி ஆய்வாளர் களப் பொறுப்பாளரை எழுப்பி அழைத்துப் போனார்.

பையில் இருந்த கடிதங்கள் ஒன்பது. ஒன்றேகால் நாளில் ஒன்பது.

புதன், காலை 11.00.

மாநகரக் குழுவில் அவர் ஒன்பதையும் பெயர் சொல்லாமல் வாசித்தார். திட்டத்துக்குள்ளேயே திருட்டா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றார். மேற்பார்வையில் கோட்டைவிட்டதற்கு அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கிடைத்தது. பேருந்து நிலையம் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. விளக்குகளுக்கு அன்று மாலைக்குள் இணைப்பு என்று உத்தரவு.

மாலை 4.30.

பெட்டிக்கு மேல் பூதக்கண்ணாடி தன் கையால் ஓர் அறிவிப்பு ஒட்டினார். ‘ஐந்து வாரமாக இதில் நீங்கள் போட்ட கடிதங்களை எங்கள் ஆளே எடுத்து அழித்துவிட்டார். உங்கள் எண்கள் அவர் கையில் இருந்தன. தவறு எங்களுடையது. யாராவது மிரட்டியிருந்தால் எனக்குக் கூப்பிடுங்கள்.’ கீழே அவர் எண்.

“இதப் போய் ஊருக்குச் சொல்லணுமா மேடம்? மானம் போயிரும்” என்றார் நிலைய அதிகாரி.

“போகட்டும்.”

பத்தாவது நிமிடம் கைபேசி அடித்தது. ஒரு கல்லூரி மாணவி. பிறகு பூ விற்கும் அம்மா ஒருவர். பிறகு ஒரு செவிலியர், அடுத்து அந்தச் செவிலியரின் ஓரகத்தி. ஒவ்வொருவரும் தயங்கித் தயங்கி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: எழுதிப் போட்ட சில நாளில் ஒரு மிரட்டல் போன். அவர் தூண் ஓரமாக நின்று எண்களைக் குறித்துக்கொண்டே போனார். ‘வேற யாருக்கும் இல்ல’ என்று சத்தியம் செய்த களப் பொறுப்பாளரின் குரல் காதில் கேட்டது. பேனாவை அழுத்திப் பிடித்தார்.

பணி முடிந்து வந்த நடத்துநர் அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“எத்தன பேரு மேடம்?”

“இதுவரைக்கும் ஏழு.”

நடத்துநர் சுவரில் சாய்ந்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. “நான் ஒருத்தி மட்டும்தான்னு நெனச்சேன். அதனாலதான் மாத்தல் கேக்க இருந்தேன்.”

கைபேசி மறுபடி அடித்தது.

“நீங்க பேசுங்க, நம்பர நான் எழுதுறேன்” என்று நடத்துநர் பேனாவை வாங்கிக்கொண்டார். “ஆனா ஆறு மணிக்கு என்னை விட்ரணும். காலைல அஞ்சு மணி வண்டிக்கு நான்தான் போறேன்.”