வியர்க்கும் சுவர்

அன்று யாரும் வெந்நீர் வைக்கவில்லை. ஆனாலும் குளியலறைச் சுவர் வியர்த்திருந்தது.

விஜயலெட்சுமி பழைய துணியால் மறுபடி துடைத்தாள். மடுல்சீமையில் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே பாடுதான். துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, மூலையில் படரும் கறுப்புப் பூஞ்சணத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் உரிந்திருந்தது. மகள் நிரஞ்சலாவுக்கு இளைப்பு. வீட்டில் ஈரம் இருக்கும்வரை அது நிற்காது என்று பதுளை டாக்டர் சொல்லிவிட்டார்.

காற்றுத் துளை போட மேசன் ஜெயரூபன் வந்தான். அவள் பின்சுவரைக் காட்டினாள்.

"அக்கா, அந்தப் பக்கம் வெட்டுன மலை. மண்ணுக்குள்ள இருந்தா காத்து வரும்?"

"செவுத்துக்கும் மலைக்கும் நடுவுல கையகலம் எடம் இருக்கில்ல. பாதைப் பக்கம் போட்டு ஊரே பாக்கக் குளிக்கச் சொல்றியா தம்பி?"

"இந்தப் பக்கம்னா அட்டைதான் எட்டிப் பாக்கும்."

துளை விழுந்தது. தரையில் கிடந்த சீமெந்துத் தூள் எழும்பி, மெல்ல, ஒரே இழுப்பில், துளைக்குள் போனது. ஜெயரூபன் அதன் பிறகு சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினான்.

பொழுது சாய்வதற்குள் சுவர் காய்ந்துவிட்டது. பூஞ்சண வாடை போய், புதிதாய்த் தோண்டிய மண்ணின் குளிர்ந்த வாடை மட்டும் வீடு முழுக்க நின்றது. நிரஞ்சலா இருமாமல் தூங்கினாள். பல மாதங்களுக்குப் பிறகு தாயும் அயர்ந்து தூங்கினாள்.

விடிந்தபோது தேயிலை மலை முழுக்கப் பனி. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சு தூரத்தில் கேட்டது. நிரஞ்சலா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இப்ப மூச்சு முட்டவே இல்ல."

"நல்லது கண்ணு. சால்வைய போத்திக்க."

சொன்னபோது விஜயலெட்சுமியின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. மகள் இரவில் கண்ட கனவைச் சொல்லத் தொடங்கினாள். நீளமாகச் சொன்னாள்.

அவள் வாயிலிருந்து ஆவி எழவில்லை.

விஜயலெட்சுமி அவள் உதட்டருகே உள்ளங்கையை வைத்தாள். சூடு இல்லை. நெஞ்சில் வைத்தாள். அசைவில்லை.

"ஏம்மா தொட்டுத் தொட்டுப் பாக்குற?"

குளியலறையில் ஒரு சத்தம். இத்தனை மாதம் இரவிரவாக விழித்திருந்து கேட்ட இளைப்புச் சத்தம். அவளுக்குத் தெரியாதா.

ஓடினாள்.

உலர்ந்த சுவர். நடுவே துளை. அதிலிருந்து சின்னதாக, வெள்ளையாக, ஆவி. விசில் போல ஓர் இழுப்பு. நின்றது. மறுபடி ஓர் இழுப்பு. பிறகு மறுபடி நின்றது, முன்னதைவிட அதிக நேரம்.

வாசலில் மகள் இன்னும் கனவைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.