சித்தி ஆடு வாங்கவில்லை

சுண்டு வீட்டு லேப்டாப் ஒரு நாள் புகை விடாமல், சத்தம் போடாமல், சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டது. அப்பா தட்டிப் பார்த்தார். அண்ணன் கவிழ்த்துப் போட்டு ஊதிப் பார்த்தான். அது எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான். புது லேப்டாப்பின் திரை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

அண்ணன் கல்லூரியில் முதல் வருடம். அவனுக்குப் பதினேழு இஞ்ச் வேண்டும். பாடம் படிக்கத்தான் என்று சொன்னான். ஆனால் எந்த லேப்டாப்பைப் பற்றிப் பேசினாலும், அதில் சினிமா எப்படித் தெரியும் என்பதில்தான் வந்து முடித்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கெட்டுப்போன கட்டிடங்களுக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், எங்கே போனாலும் அவர் படியேறித்தான் ஆக வேண்டும். பையில் கனமே இருக்கக் கூடாது, பதிமூன்று இஞ்ச் போதும் என்றார் அவர்.

சுண்டுவின் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். சுண்டெலி என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர்தான் சுருங்கிச் சுண்டு ஆகிவிட்டது.

அம்மாவோ எதுவானாலும் சரி, சீக்கிரம் வாங்குங்கள் என்றார். கைகளால்தான் சொன்னார். அம்மாவுக்குக் காது கேட்காது. அவருடைய தங்கையான சித்திக்கும் கேட்காது. இரண்டு பேரும் பேசுவது சைகை மொழியில். அப்பா, அண்ணன், சுண்டு மூவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

சித்தி இருப்பது வெகு தூரத்தில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவும் சித்தியும் வீடியோ அழைப்பில் பேசிக்கொள்வார்கள். லேப்டாப் போனதிலிருந்து போனில்தான் பேச வேண்டியிருந்தது. சித்தி கைகளை விரித்தால் விரல்கள் திரைக்கு வெளியே போய்விடும். விரல்களைக் காட்டப் பின்னால் நகர்ந்தால் சித்தியே எறும்பு மாதிரி ஆகிவிடுவார். பாதிப் பேச்சு புரியாமல், அம்மா சும்மா தலையாட்டிவிட்டு அழைப்பை முடித்ததைச் சுண்டு பார்த்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நால்வரும் கடைக்குப் போனார்கள். அம்மா பேக்கரியில் கேக்குகளுக்குப் பூ வைப்பவர். காலை வேலை முடிந்து நேராக வந்ததால் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கோட்டுக் கையில் இளஞ்சிவப்பு நிறத்தில் கொஞ்சம் கிரீம் ஒட்டியிருந்தது.

கடையில் நீளமான மேசைகள் மேல் லேப்டாப்புகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. கடைக்கார அக்கா ஒருத்தி வந்து என்ன வேண்டும் என்று கேட்பதற்குள் அண்ணன் ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டான். பதினேழு இஞ்ச். கண்ணாடி போலப் பளபளக்கும் திரை. அதில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் கடல் அவ்வளவு நீலமாக இருந்தது.

"பாத்தியாப்பா? கலர் அப்படியே கண்ணுல ஒட்டிக்குது" என்றான் அண்ணன்.

அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு முதுகில்தான் ஒட்டிக்கொள்ளும் என்றார். ஆனாலும் அவர் கண்ணும் அந்தக் கடலை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலைக்கு ஆபீஸில் கிடக்கும் பழைய டேப்லெட்டையே கொண்டுபோய்ச் சமாளிக்கலாம் என்று இறங்கி வந்துவிட்டார். அண்ணன் முகம் பல்பு போட்டதுபோல ஆனது.

அப்போது திரையில் கடல் போய் இருட்டான காடு வந்தது. அந்த இருட்டுக்குள் சுண்டுவுக்கு அம்மாவின் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. பின்னால் நின்ற அம்மாவின் உருவம் திரையில் விழுந்திருந்தது. அம்மா கைகளால், கால் வலிக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். சுண்டு திரும்பாமலே, திரையைப் பார்த்தபடி, இதோ முடியப்போகிறது என்று பதில் சொன்னாள். அம்மாவும் அதைத் திரையிலேயே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சுண்டுவுக்கு வேடிக்கையாக இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே பேசலாம். மூக்கைச் சுருக்கி எலிபோல ஒரு முகம் காட்டினாள். அம்மாவும் எலி முகம் காட்டினார்.

அப்புறம் சட்டென்று சுண்டுவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் கைகள் இவ்வளவு பளிச்சென்று தெரிந்தால், சித்தியின் கைகள் எங்கே தெரியும்?

அண்ணனைப் பார்த்தாள். அவன் கடைக்கார அக்காவிடம் பை இலவசமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவன் இதற்காகவே காத்திருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னாலும், பொடிசுக்கு என்ன தெரியும் என்பான்.

அவள் கடைக்கார அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, இதுல எங்க சித்திகிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கலாமா?"

அந்த அக்காவுக்கு இப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லை போல. கொஞ்சம் யோசித்தாள். பிறகு, வாங்குகிறவர்கள் பேசிப் பார்த்து வாங்குவது நல்லதுதானே என்று இணையத்தை இணைத்துக் கொடுத்தாள்.

சித்தி திரையில் வந்தார். பெரிய திரையாதலால் விரல் நுனிவரை தெரிந்தது. அண்ணன் பெருமையாக எல்லாரையும் பார்த்தான். அம்மா மேசை முன்னால் உட்கார்ந்தார். கடை விளக்குகள் அவர்மேல் பளீரென்று விழுந்தன. சித்தி போட்டிருந்தது கறுப்புச் சட்டை. அந்தக் கறுப்பின் மேல் அம்மாவின் வெள்ளைக் கோட்டு அப்படியே வந்து படிந்தது. சித்தியின் இரண்டு கைகளோடு அம்மாவின் இரண்டு கைகளும் சேர்ந்து, திரைக்குள் நாலு கைகள் அசைந்தன.

சித்தி ஏதோ சொன்னார். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மூணாவது மாடியில ஆடு வாங்கி எங்க கட்டுவ?" என்று கைகளால் கேட்டார்.

சித்தி திகைத்துப்போய் மறுபடி சொன்னார். அம்மா மறுபடி தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆடு இலை தின்னுமே, உன் பால்கனிச் செடியெல்லாம் என்ன ஆவது என்று கவலைப்பட்டார்.

சித்தி எழுந்து போனார். கையில் ஒரு புதுச் செருப்போடு திரும்பி வந்து அதைத் திரைக்கு நேராக நீட்டினார். அவர் வாங்கியது அதைத்தான்.

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கடைக்கார அக்கா திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள். கொஞ்சம்தான் தேறியது. அண்ணன் அம்மாவிடம் கோட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னான்.

அம்மா கைகளால் கேட்டார்: "என் தங்கச்சிகிட்ட பேசணும்னா நான் ஒவ்வொரு தடவையும் கறுப்பு டிரெஸ் போடணுமா? கைக்கும் கறுப்பு உறை மாட்டிக்கட்டுமா?"

விளக்கை அணைத்துவிட்டும் பேச முடியாது. இருட்டில் கை தெரியாது, கை தெரியாவிட்டால் பேச்சும் இல்லை. இதை அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழைப்பு முடிந்து திரையில் மறுபடி வந்த கடலை அவன் ஒருமுறை பார்த்தான். சுண்டு அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, உனக்குத்தான இதைப் பத்தியெல்லாம் தெரியும். இப்படி நம்ம முகம் உள்ள தெரியாத ஸ்க்ரீன் இருக்கா?"

அண்ணன் மூச்சை இழுத்து விட்டான். "இருக்கு. பளபளப்பு இல்லாம, சொரசொரன்னு இருக்கும்" என்றான்.

கடைக்கார அக்கா அப்பா முதலில் கேட்ட பதிமூன்று இஞ்சைக் கொண்டுவந்தாள். இறகுபோல இருந்தது. திரையில் பளபளப்பும் இல்லை. நேராக உட்கார்ந்த அம்மாவுக்குச் சித்தி நன்றாகவே தெரிந்தார். ஆனால் பக்கவாட்டில் நின்ற அப்பாவுக்குச் சித்தியின் முகம் கரிபூசியதுபோல இருந்தது. அப்பா இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். எங்கே போனாலும் கரிதான். ஒரே ஆள் நேராக உட்கார்ந்து பார்ப்பதற்கு இது போதும், நாலு பேருக்குச் சரிவராது என்று கடைக்கார அக்காவே ஒத்துக்கொண்டாள். அது தெரிந்ததும் அப்பா அதை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

இப்போது அண்ணன் நேராக அந்த அக்காவிடம் போனான். பளபளப்பு இருக்கக் கூடாது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறக் கூடாது, அந்த வகைத் திரைதான் என்பதற்கு ஐ.பி.எஸ். என்று எழுதியிருக்க வேண்டும், பதினைந்து இஞ்சுக்குக் குறையவும் கூடாது என்று மளமளவென்று கேட்டான். அவன் இவ்வளவு படித்து வைத்திருப்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

கடைசி மேசையில், ஒரு தூணுக்குப் பின்னால், அப்படி ஒன்று சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் கடல் அந்த அளவுக்கு நீலமாக இல்லை. சித்தியைக் கூப்பிட்டார்கள். அம்மா முன்னால் உட்கார, அப்பா இடப்பக்கம், அண்ணன் வலப்பக்கம் நின்றார்கள். சுண்டு அண்ணனின் கைக்குக் கீழே நுழைந்துகொண்டாள். திரையில் இருந்தவை இரண்டே கைகள். இரண்டும் சித்தியின் கைகள்.

சித்தி கேட்டார்: "இப்ப நான் ஆடு வாங்கினேனா, செருப்பு வாங்கினேனா?"

செருப்பு என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கையால் சொன்னார்கள். அம்மா சுண்டுவின் தலையில் ஒரு முத்தம் வைத்தார். கோட்டுக் கையிலிருந்த கிரீம் அவள் காதில் ஒட்டிக்கொண்டது.

அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். நாலு மாடிக்குத் தாங்கும், ஐந்தாவது மாடியில் கொஞ்சம் உட்காருவேன் என்றார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் புது லேப்டாப்பை வைத்தார்கள். அம்மாவும் சித்தியும் பேசத் தொடங்கினார்கள். பல வாரங்களாக அரைகுறையாக நின்றுபோன கதைகளெல்லாம் முழுசாக வந்தன. வேலை செய்யும் இடத்தில் நடந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை, யாரோ ஒருவரின் கல்யாணத்தில் இடம் மாறி உட்கார்ந்தது. இருவர் கைகளும் நிற்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. அடுப்பு மட்டும் எரியவில்லை.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுண்டுவின் பக்கம் சாய்ந்தான்.

"எல்லாம் உன்னாலதான். கொஞ்சம் மங்கலான ஸ்க்ரீனா பாத்து வாங்கியிருந்தா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்போம்."

"நீதான ஐ.பி.எஸ். கேட்ட?" என்றாள் சுண்டு.

அப்பா எழுந்து முட்டைகளை எடுத்தார். அண்ணன் வெங்காயம் நறுக்கப் போனான். சுண்டு தட்டுகளைக் கழுவ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எண்ணெய் காய்ந்து வாசனை வந்ததும், அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை மட்டும் தூக்கி, எனக்கும் ஒரு ஆம்லெட் என்றார்.

திரையில் சித்தியும் கையைத் தூக்கினார். தனக்கும் ஒன்று, வெங்காயம் தூக்கலாக.