பவளம் விட்ட மூச்சு

தை பிறந்துவிட்டால் மேல்மலையில் குணவதிக்கு உட்கார நேரம் இருக்காது. முகமூடியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தீக்குழாய்களைச் சோதிக்க வேண்டும். வெளிக்காற்றில் நுண்தூசி கலந்து முப்பது வருடம் ஆகிறது. நுரையீரலுக்கு அது விஷம். நெருப்புக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் கணப்பு எரியத் தேவையான காற்று வெளியிலிருந்து தீக்குழாய் என்ற தனிக்குழாய் வழியாக வரும். வீட்டுக்குள் சுத்திகரித்துச் சுழலவிடும் அகக்காற்று மனிதர்களுக்கு மட்டும். நெருப்பும் ஆளும் ஒரே காற்றைப் பங்குபோடக் கூடாது என்பது சட்டம்.

அன்று ஐந்தாவது வீடு மாயழகுவினுடையது. காற்றுப்பூட்டின் இரண்டு கதவுகளையும் தாண்டி உள்ளே வந்து முகமூடியைக் கழற்றியதும் குணவதிக்குப் பல் தந்தியடித்தது. கணப்பில் வெறும் சாம்பல். பெரியவர் மூன்று கம்பளிகளைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்; உதடு நீலம் பாரித்திருந்தது. ஒன்பது நாளாக நெருப்பே மூட்டவில்லையாம். விறகு இல்லையா என்றால், இருக்கிறது. உடம்புக்கு முடியவில்லையா என்றால், நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர் பிடி கொடுக்கவே இல்லை.

அவள் மண்டியிட்டு டார்ச் அடித்தாள். தீக்குழாய் கணப்போடு சேரும் மூட்டில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதைச் சுற்றி வேட்டித்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த ஓட்டை வழியாக நெருப்பு வீட்டுக் காற்றைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைக் கண்டதும் தண்ணீர் ஊற்றி அணைத்தவர், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூட்டு விரிந்த வீட்டில் தூசி புகுந்திருக்கும். அகக்காற்று முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்பிய பிறகே நெருப்பு மூட்டலாம். ஐப்பசியில் அவர் மனைவி பவளம் இந்த அறையில்தான் இறந்துபோனாள். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காற்று மாற்றுவது மலையில் வழக்கம். போனவரின் மூச்சை அனுப்பிவைப்பது என்பார்கள். மாயழகு அனுப்பவில்லை. சொந்தக்காரர்கள் கெஞ்சியும் மசியவில்லை என்று ஊரே சிரித்தது. குணவதியும் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"இந்தக் குளிரை இன்னும் ரெண்டு நாள் தாங்க மாட்டீங்கய்யா," என்றாள்.

"அவ விட்ட மூச்சு இதுக்குள்ளதான இருக்கு. அதை எப்படிம்மா தொறந்துவிடச் சொல்ற?"

குணவதி குழாயின் மீட்டரில் பதிவாகியிருந்த பழைய கணக்கைப் பார்த்தாள். வெளிக்காற்று வரத்து கார்த்திகைக் கடைசியிலேயே பாதியாகக் குறைந்திருந்தது. அன்றிலிருந்து நெருப்பு வீட்டுக் காற்றை இழுக்க இழுக்க, கூரை வடிகட்டி அதே அளவுக்கு வெளிக்காற்றைச் சுத்திகரித்துச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் மனிதர் மூச்சுமுட்டிச் சாகவில்லை. இந்தச் சின்ன வீட்டின் காற்று முழுவதும் மாறிப்போக மூன்று நாள் போதும். அவர் விறைத்துக்கொண்டு காவல் காத்தது ஒன்றுமில்லாததை.

சொல்லாமல் போனால் இந்த மனிதர் குளிரில் போய்விடுவார். சொன்னால் எப்படிப் பிழைப்பார் என்றும் தெரியவில்லை. அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, மீட்டரில் இருந்ததையும் மூன்று நாள் கணக்கையும் அப்படியே சொன்னாள்.

மாயழகு கணப்பின் பக்கம் திரும்பினார்.

"கார்த்திகைக் கடைசியா?"

"ஆமாய்யா."

"அந்த மூணு நாளும் நெருப்பு திகுதிகுன்னு எரிஞ்சுச்சு. என்னடா அதிசயம்னு நெனச்சேன்." அவர் குரல் உடைந்தது. "அவ போனதுக்கப்புறம் அந்தச் சூட்டுலதாம்மா காலை நீட்டித் தூங்குனேன்."

குணவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். கடைசியில் அவரே கம்பளிகளை விலக்கிவிட்டு எழுந்தார். குணவதி தன் முகமூடியை மாட்டியதும், அவரும் தன்னுடையதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கத் தொடங்கினார்.