திருகாத துளை

லேத்தை நிறுத்திய பிறகும் அந்த டிக் டிக் சத்தம் நிற்கவில்லை.

ரஸ் பென்பெர்த்தி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. காலையிலிருந்து எதுவுமே சரிவராதவனுக்கு இதுவும் இன்னொரு கோளாறு, அவ்வளவுதான். மழைநீர்த் தொட்டியின் பம்ப் செத்துப்போயிருந்தது. மோட்டாரின் ஆறு பட்டைத் தண்டு நுழைகிற பித்தளைத் துண்டு உடைந்துவிட்டது. வேறு எங்கும் கிடைக்காது. தானே செய்துவிடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குள் புகுந்தவன், மதியச் சாப்பாட்டையும் மறந்து, ஜூலை மாதத்து வெயில் தகரச் சுவரில் மங்கிச் சரியும் வரை ஒரே துளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

வட்டத் துளையை ஆறு மூலையாக்குவது கேட்பதற்குத்தான் வித்தை. புரோச் என்கிற ஆறு பட்டை வெட்டுளியை மயிரிழை சாய்வாகப் பிடியில் மாட்டிச் சுழலும் பித்தளையில் அழுத்தினால், அதுவும் கூடவே சுழன்று, குடித்தவன் தலைபோல ஆடி, மூலை மூலையாகக் கொறித்து உள்ளே இறங்கும். இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு துளையும் ஆழம் போகப் போக இடப்பக்கம் திருகிக்கொண்டது. தண்டு பாதியிலேயே மாட்டி நின்றது. புரோச்சைத் தீட்டிப் பார்த்தான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். மையத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தான். திருகிப்போன துண்டுகளைச் சுவரில் வீசியெறிந்தான். கருகிய எண்ணெய் வாடை தொண்டையில் உட்கார்ந்துவிட்டது.

"ரஸ்," என்று முற்றத்திலிருந்து மனைவி லினெட் குரல் கொடுத்தாள். "வாளியில தண்ணி மொண்டு மொண்டு என் கை ஒரு முழம் நீண்டுபோச்சு. யாராவது ஆளைக் கூப்பிடலாமா?"

"ஆள் வந்து என்னத்தைக் கிழிப்பான்?"

"நீ காலையிலேருந்து என்னத்தைக் கிழிச்ச?"

அவன் லேத்தை நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

டிக். டிக். டிக்.

பிடியின் பேரிங் போயிருக்கும் என்று நினைத்து அதைக் கழற்றிக் காதில் வைத்தான். மௌனம். துண்டைக் கவ்விச் சுழற்றும் 'சக்'கைக் கையால் தொட்டான். அசைவில்லை. பித்தளைத் துண்டை வெளியே எடுத்தான். வழக்கம்போலத் திருகல். எறியப் போனவன் அதன் பின்பக்கத்தைப் பார்த்தான்.

அங்கேயும் ஒரு துளை இருந்தது.

அந்தப் பக்கம் அவன் டிரில்லே வைக்கவில்லை. எலன் கீ என்கிற ஆறு பட்டைச் சாவியை எடுத்து நுழைத்தான். அது அடிவரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. துளிகூட ஆட்டமில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு முதலில் வந்தது எரிச்சல். இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நாள் முழுக்க முயன்றும் வராதது. யார் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்தது?

சத்தம் தரையிலிருந்து வந்தது.

அவர்கள் ஊரான மூன்டாவில் பழைய செப்புச் சுரங்கம் ஓடாத வீட்டடி அபூர்வம். தண்ணீர் நிரம்பி, ஆளற்று, மூடிக் கிடப்பவை. கீழே மரம் முறிவதும் மண் சரிவதும் அவனுக்குப் பழகிய சத்தங்கள்தான். இது வேறு. இது உலோகம் வெட்டும் சத்தம். காலையிலிருந்து தன் லேத்தில் கேட்டுவந்த அதே சத்தம்.

மண்டியிட்டான். சிமெண்டுத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. லேத்தின் காலருகே சாம்பல் நிறத்தில் பொடி மெல்லப் பொங்கி, சுழன்று, வளையமாகப் படிந்துகொண்டிருந்தது. ஊதினான். ஒரு விரல் அகலத் துளை. ஆறு மூலை. டார்ச்சை அடித்தான். வெளிச்சம் எட்டிய ஆழம் வரைக்கும் சுவர்கள் நேராக, பளபளவென்று இறங்கின.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் விரல் துறுதுறுத்தது. மூலை எவ்வளவு கூர்மை என்று தொட்டுப் பார்க்காமல் எந்த ஃபிட்டராலும் இருக்க முடியாது. சுட்டுவிரலை உள்ளே விட்டான்.

கூர்மைதான்.

இழுத்தான். வரவில்லை. வலியில்லை. இறுக்கம் மட்டும். அளவெடுத்துச் செய்ததுபோல.

சத்தம் நின்றது.

கதவு கிறீச்சிட்டது. வாசற்படியில் லினெட், ஒரு கையில் டீக்கோப்பையோடு.

"இதுவும் ஆறிப்போனா வேற போட மாட்டேன். ஏன் தரையில கிடக்கற?"

"லின், உள்ளே வராத. வெளியே போயிரு."

"என்ன, கோபமா?" அவள் சிரித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். "ரஸ், காலுக்கடியில என்னமோ குறுகுறுங்குது."

"போ லின்."

"போறேன். கால் வரல."

டிக்.

அவளுடைய இடது பாதம் மெல்ல உள்பக்கம் திரும்பியது. முழங்கால் திரும்பியது. இடுப்பு. தோள்.

"ரஸ், நான் திரும்பலை."

டிக். டிக்.

அவன் இழுத்தான். தோள் முறியும்படி இழுத்தான். விரல் வரவில்லை. அவள் முதுகு தெரிந்தது. பிறகு முகம். மறுபடி முதுகு. நின்ற இடத்திலேயே. சீராக. தலை மட்டும் மயிரிழை சாய்ந்து, லேசாக ஆடியபடி. கோப்பையிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் கண்கள் அவனைத் தேடிப் பிடித்தன.

முதுகு.

முகம்.

முதுகு.

அடுத்த முறை அவள் முகம் வந்தபோது வாய் திறந்திருந்தது. கத்துவதற்காகத்தான் திறந்திருக்க வேண்டும். சத்தம் வரவில்லை. உதடுகளுக்கு உள்ளே அந்த இருட்டு, நேராக, பளபளவென்று, ஆறு மூலைகளோடு இறங்கிக்கொண்டே போனது.