வெள்ளிக்கிழமை ஏழு மணி

ஹில்லெவி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ரவுனி ஊற்றிக் கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"என் புருஷன் ஆர்னே செப்டம்பர்ல செத்துட்டார். ஆனா வாராவாரம் வெள்ளிக்கிழமை சவுனாவுக்கு முறை பதியறார்," என்றாள்.

கோத்கா துறைமுகத்தில் கப்பல் காப்பீட்டு மோசடிகளைத் துப்பறிந்தே ஓய்வு பெற்றவள் ரவுனி. மூழ்காத கப்பலுக்காக அழுதவர்களை எல்லாம் பார்த்திருக்கிறாள். எதற்கும் புருவத்தை உயர்த்த மாட்டாள். அந்த வேலையைப் பக்கத்தில் இருந்த வெய்க்கோ செய்தான். டாக்ஸி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அவள் சமையலறையில்தான் கிடப்பான். துப்புத் துலக்குவதில் பாதிப் பங்கு தன்னுடையது என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

விஷயம் இதுதான். ஹில்லெவியின் அடுக்குமாடியில் நிலவறைச் சவுனா ஒன்று உண்டு; சூடேற்றிய கல்லில் தண்ணீர் ஊற்றி, பலகையில் உட்கார்ந்து ஆவியில் குளிக்கும் அறை. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். வெள்ளி இரவு ஏழு மணிதான் எல்லாருக்கும் வேண்டிய நேரம். அது காலங்காலமாக ஆர்னே, ஹில்லெவி முறை. பதியும் கணினி நிரலைத் தன் மடிக்கணினியில் எழுதியதும் ஆர்னேதான்; மாலை வகுப்புக்குப் போய் 'விஷுவல் பேசிக்' என்ற கணினி மொழியைக் கற்று எழுதினார். குடியிருப்பின் பதிவுகள் எல்லாம் சுவருக்குள் ஓடும் கம்பி வழியே, துணி உலர்த்தும் அறையில் இருக்கும் கணினியின் தரவுத்தளத்தில் சேரும். பதிந்தால் அடுப்பு தானாகச் சூடாகும். அவர் போன பிறகு குடியிருப்புச் சங்கப் பொருளாளன் தானெலி புதிய இணையப் பக்கம் ஒன்றைப் போட்டு, ஆர்னேயின் பெயரையும் நீக்கிவிட்டான்.

"நான் அங்க போறதே இல்ல. தனியா உக்கார முடியல," என்றாள் ஹில்லெவி. "தொடர்ந்து பதியலேன்னா முறை வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிடும். போகட்டும்னுதான் இருந்தேன். ஆனா படிக்கட்டுல நின்னா கல்லுல தண்ணி விழற சத்தம் கேக்குது. சடசடன்னு ரெண்டு. கொஞ்சம் விட்டு ஒண்ணு. ஆர்னே அப்படித்தான் ஊத்துவார்."

"கதவைத் திறந்து பாத்தீங்களா?" என்றான் வெய்க்கோ.

"திறந்தா அவர் இல்லேன்னு தெரிஞ்சு போயிடுமே."

வெய்க்கோ அவளுடைய ஆறிய காப்பியை எடுத்துவிட்டுச் சூடாக ஊற்றி வைத்தான்.

"திங்கட்கிழமை வீட்டை வாங்கறவங்க கையெழுத்துக்கு வர்றாங்க. மக ஓவுலுல இருக்கா, அந்த ஊருக்கே வந்துடுங்கறா. அவர் இங்க இருக்கார்னா நான் எங்கயும் நகர மாட்டேன். இல்லேன்னா அதையும் நீங்களே சொல்லிடுங்க."

அன்றும் வெள்ளிக்கிழமைதான். ஏழு மணிக்கு மூவரும் இருண்ட படிக்கட்டில் நின்றார்கள். கீழே கல் சீறியது, இரண்டு முறை. இடைவெளி. மீண்டும் ஒன்று. ஹில்லெவி ரவுனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெய்க்கோ தடதடவென்று இறங்கிக் கதவைத் திறந்தான்.

உள்ளே ஆள் இல்லை. முற்றத்துக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. கற்களிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அகப்பை ஈரம். ரவுனி மேல் பலகையைத் தடவினாள். அது காய்ந்து கிடந்தது. முற்றத்து வாசலோரம் மட்டும் செருப்புச் சேறு.

"தண்ணி ஊத்திட்டு உக்காராமப் போற ஆள் யாரு?" என்றாள்.

"ஆளா இருந்தா உக்காரும்," என்றான் வெய்க்கோ.

மறுநாள் துணி உலர்த்தும் அறையில் தானெலி மூவருக்கும் பதிவைத் திரையில் காட்டினான். பதிந்தவர் என்ற இடத்தில் ஆர்னே.

"எத்தனை தடவை அழிச்சாலும் திரும்ப வருது. வியாழக்கிழமை நானே காவல் உக்காந்தேன். நாலே கால் மணிக்கு என் கண்ணு முன்னாடி பதிவு விழுந்தது. அதுல போட்டிருந்த நேரம் அஞ்சே கால். இன்னும் வராத நேரம், மேடம்."

"ஆர்னே உயிரோட இருந்தப்போ மத்த வீட்டுப் பதிவுலயெல்லாம் பதிந்தவர்னு யார் பேர் இருந்தது?"

"எல்லாமே அவர் பேர்தான். எல்லாருக்கும் அவர்தான் பதிவார்."

"அவரோட லேப்டாப்பு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி யாருக்கோ குடுத்துட்டார்," என்றாள் ஹில்லெவி. "யாருக்குன்னு நான் கேக்கல."

வரிசையில் அடுத்த ஆள் ஓஸ்மோ. தரைத்தளம், சவுனாவின் சுவரை ஒட்டிய வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த வெள்ளிக்கிழமைக்காக ஆர்னேயோடு சண்டை போட்டு, வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர். ஏலக்காய் ரொட்டியை மேசையில் தள்ளிவிட்டு, "பேயைப் பிடிக்க வந்தீங்களா? நல்லாப் பிடிங்க," என்றார். ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய மடிக்கணினி திறந்திருந்தது; அதிலிருந்து ஒரு கம்பி சுவருக்குள் போனது. ரவுனி திரையின் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ரொட்டி நன்றாக இருக்கிறது என்றாள்.

வெளியே வந்ததும் வெய்க்கோ துள்ளினான். "இவன்தான். அந்தம்மாவைப் பயமுறுத்தி விரட்டிட்டு முறையைப் பிடுங்கப் பாக்கறான்."

"அவர் சும்மா இருந்தாலே முறை அவர் கைக்கு வந்திருக்கும். இந்தப் பேயால நஷ்டப்படற ஒரே ஆள் அவர்தான். உன் பாதிப் பங்கு இன்னைக்குக் கொஞ்சம் குறையுது, வெய்க்கோ."

ஞாயிறன்று எல்லாரும் ஹில்லெவியின் சமையலறையில் கூடினார்கள்.

"ஒரு நிரல் டேட்டாபேஸோட கதவைத் தட்டும்போது, நான் இன்னார்னு ஒரு பேரும் கடவுச்சொல்லும் சொல்லணும்," என்று தொடங்கினாள் ரவுனி. "புதுசா பழகறவங்க செய்யறதைத்தான் ஆர்னேயும் செஞ்சார். இணைக்கற வரியிலயே தன் பேரை எழுதி வெச்சுட்டார். அப்புறம் அந்த நிரலை யார் திறந்தாலும், உள்ள போறது ஆர்னேதான்."

தானெலி தலையைச் சொறிந்தான். "குடியிருக்கறவங்க பட்டியல்லதான் அவரை அழிச்சேன். உள்ள நுழையற அனுமதியை எடுக்கல."

"பதிவுல விழற நேரம், அந்த நிரல் ஓடற கணினியோட நேரம். அக்டோபர் கடைசியில கோடைக்கால நேரம் முடிஞ்சு எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளினோம். இணையம் இல்லாத பழைய கணினிக்கு அது தெரியாது. வழக்கமா கையால மாத்தற ஆள் செப்டம்பர்லயே போயிட்டார். இந்தக் கட்டடத்துல இன்னும் கோடைக்கால நேரம் ஓடற கணினி ஒண்ணுதான்; நாலே கால் அதுலதான் அஞ்சே கால் ஆச்சு."

யாரும் ஓஸ்மோவைப் பார்க்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு லேப்டாப்பைக் கொண்டு வந்து வெச்சான்," என்றார் மெல்ல. "வெள்ளிக்கிழமை உனக்குத்தான்டா வரப்போகுது, பதியக் கத்துக்கோன்னான். கிண்டலா நிஜமா, தெரியல. அவன் போனப்புறம் என் பேரை அடிச்சுப் பாத்தேன். கீழ பதிந்தவர் ஆர்னேன்னு வந்து நின்னுச்சு. என் முதுகுக்குப் பின்னாடி அவன் நிக்கற மாதிரி இருந்தது. என் பேரை அழிச்சுட்டு ஹில்லெவி வீட்டைப் போட்டேன். செத்தவன் இடத்துல ஏறி உக்கார மனசு வரல."

"தண்ணி?" என்றாள் ஹில்லெவி.

"சூடான கல்லைச் சும்மா விடக்கூடாது இல்ல. முற்றத்து வாசல்ல நின்னே ஊத்திட்டு, அப்படியே போயிடுவேன். பலகை உங்களோடது."

"ரெண்டு, விட்டு ஒண்ணு?"

"என் கட்டில் அந்தச் சுவரோரம். எத்தனை வருஷமாக் கேட்டிருக்கேன். எனக்கு வேற மாதிரி ஊத்தத் தெரியாது."

ஹில்லெவி ரவுனியைப் பார்த்தாள். "அப்ப அவர் இல்ல."

"இல்ல," என்றாள் ரவுனி. கப்பல்காரர்களிடம் எத்தனையோ கசப்பைச் சொன்னவள்தான். இந்த ஒரு சொல் அவளுக்கு வலித்தது.

ஹில்லெவி அந்த மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னாள். ஓஸ்மோ கொண்டுவந்து, சுவரில் கம்பியைச் செருகிக் கொடுத்தார். வரும் வெள்ளி ஏழு மணியில் அவள் தன் பெயரைத் தானே அடித்தாள். கீழே எழுத்துகள் வந்தன. பதிந்தவர்: ஆர்னே.

"அந்த வரியை மாத்திடறேன், ஒரு நிமிஷ வேலை," என்றான் தானெலி.

"வேண்டாம்."

"பாதுகாப்புக்கு..."

"தம்பி, ரொட்டியைச் சாப்பிடு," என்றான் வெய்க்கோ.

ஹில்லெவி மகளுக்குப் போன் செய்தாள். விற்பதைக் கோடை வரைக்கும் ஒத்திப்போடச் சொன்னாள்.

அடுத்த வெள்ளி ஓஸ்மோ கட்டிலில் படுத்தபடி காத்திருந்தார். ஏழு அடித்தது. சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு அகப்பைத் தண்ணீர் விழுந்தது. நெடுநேரத்துக்குப் பின் இன்னொன்று. ஆர்னே ஊற்றுவது போல இல்லவே இல்லை. அது ஹில்லெவி ஊற்றுவது.

அவர் சமையலறைக்குப் போய், ஹில்லெவி திருப்பிக் கொடுத்திருந்த மடிக்கணினியின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்.